ஞானப்பல்லோடு கிரேனில் ஏறாதே

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அக்காவும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் பொய்தான் சொல்வாய். போனில் பேசினால் உனக்குத் தாடை வலிக்கும், அதோடு "சரிம்மா சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி அக்காவிடம் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். முழுசாகப் படி. நேற்று வீடியோவில் வலது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு சினிமா நடிகன் மாதிரி உட்கார்ந்திருந்தாயே, பெற்றவளிடமே உன் வித்தையா? போனை வைத்த கையோடு உன் அறையில் கூட இருக்கும் வெல்டர் தம்பியைக் கூப்பிட்டேன். அவன்மேல் கோபப்படாதே, பாவம், மென்று முழுங்கிப் பார்த்தான், நான் விடவில்லை. இடது பக்கம் கடைசிப் பல் பாதி முளைத்து நிற்கிறதாம், கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்கிறதாம், நீ ரொட்டியை டீயில் ஊறப்போட்டு முழுங்கிவிட்டு, வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அந்தத் தூக்கக் கலக்கத்தோடேயே கிரேன் கூண்டுக்கு ஏறுகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று தையற்கூடத்தில் ஒரு சீருடைச் சட்டைக்குப் பையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். மேற்பார்வைக்காரர் அதைத் தூக்கிக் காட்டி, "என்னக்கா, இத யாரு தலைகீழா நின்னு போட்டுக்கறது"ன்னு கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அழுகைதான் வந்தது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை, தையற்கூடத்துக்கு மேல்மாடியில் இருக்கிற பல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அங்கே இருந்த பெண் என்னை நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் துணியைக் கட்டி, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டாள், வலி என் பையனுக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் விளக்கே முகத்துக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா சிரித்துவிட்டு, "ஆளே இல்லாத பல்லுக்கு நான் எப்படிம்மா வைத்தியம் பாக்கறது" என்றார். அப்புறம் பொறுமையாகவே சொன்னார். அந்த ஞானப்பல் கடைசியாக வருவதால் தாடையில் அதற்கு இடம் இருப்பதில்லையாம், கோணலாகப் பாதி முளைத்து நின்றுவிடும், மேலே மூடியிருக்கிற ஈறுக்கு அடியில் சாப்பாடு போய் மாட்டிக்கொண்டு புண்ணாகிச் சீழ் வைக்குமாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளி, ஒவ்வொரு தடவை சாப்பிட்டதும் கொப்பளி. வலிக்கிறது என்று அந்தப் பக்கம் பல் தேய்க்காமல் விடாதே, மிருதுவான பிரஷ்ஷால் தேய். கன்னத்துக்கு வெளியே ஐஸைத் துணியில் சுற்றி வைத்து வைத்து எடு. வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், உங்கள் அத்தை போன் செய்து என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புகிறாயாமே, யார் சொன்ன யோசனை அது? ஈறு வெந்துவிடும்டா. அட்டையில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் விழுங்காதே, வெல்டர் தம்பியிடம் மிச்சமிருக்கிற ஏதோ கேப்ஸ்யூலையும் வாங்கிப் போடாதே. சிகரெட்டை நீ விட்டுவிட்டாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அப்படியே இருக்கட்டும். படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை வை.

ஆனால் இதெல்லாம் டாக்டரிடம் போகும்வரை தாக்குப்பிடிக்கத்தான், இதோடு முடிந்துவிடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். காய்ச்சல் இருந்தாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் முழுங்கவே கஷ்டமாக இருந்தாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. வெல்டர் தம்பி உன் நெற்றி கொதிக்கிறது என்கிறான், நீ வெயில் என்கிறாயாம். அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்து இரும்பைத் தூக்கி அடுத்தவன் தலைக்கு மேல் ஆட்டுகிற வேலையடா உனக்கு, கண் ஒரு நொடி செருகினால் என்னாகும்? அப்பா உனக்கு ஊசி என்றால் பயம், அதனால்தான் போகவில்லை என்கிறார். நானும் அப்படியே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். வெல்டர் தம்பிதான் உண்மையைச் சொன்னான். இப்போது லீவு போட்டால் அக்கா கல்யாணத்துக்கு லீவு மிஞ்சாது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாய், கடிக்க முடியாத பல்லை வைத்துக்கொண்டு. அதைக் கேட்டதும் உன்னை அடிக்கலாமா, அணைத்துக்கொள்ளலாமா என்றே தெரியவில்லை.

இதை எழுதும்போது அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள், திரும்பி வந்து, "கல்யாணத்த தள்ளி வெச்சாச்சும்மா, அவங்க வீட்லயும் பேசிட்டேன்" என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்திரிகை அச்சாகி வந்து மேஜையில் அடுக்கியிருக்கிறது, சத்திரத்துக்காரருக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினேன். மாப்பிள்ளை என்ன சொன்னாராம் தெரியுமா, "மச்சான் வாயெல்லாம் பல்லா சிரிச்சுக்கிட்டு வரட்டும், அதுவரைக்கும் நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்" என்றாராம். அப்பா சத்திரத்துக்குப் பேசுகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு. எனக்குச் சத்தம் போடத் தெம்பில்லாமல் போய்விட்டது.

உடம்பு தேறி, தீர்க்காயுசாக, எந்த நோவும் இல்லாமல் நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. நாளைக் காலையில் கூண்டில் ஏறாதே, டாக்டரிடம் போ. அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்றும் கேட்டுச் சொல். அக்கா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் பழைய தேதியை அடித்துக்கொண்டிருக்கிறாள். புதுத் தேதியை எழுதவில்லை, நீ சொன்ன பிறகுதான் எழுதுவாளாம்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருக்கும்
அம்மா