வெண்டிக்காய் முறிக்கிற கை

அக்கா, இன்று காலை மில்லிக்கன் பக்கத்தில் ஒரு வாடகை ஸ்டோரேஜ் அறையின் கதவை மேலே தள்ளினேன். பூச்சி உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. வாடகை கட்டாமல் கைவிடப்பட்டு ஏலத்துக்கு வந்த சாமான் யாருடையதென்றாலும் மணம் ஒன்றுதான் என்பீர்கள். பழக்கதோஷத்தில் திரும்பி, ரோச் லைற்றைப் பிடியுங்கோ அக்கா என்றேன். பக்கத்தில் நின்றது வதனி, என் பக்கத்து வீட்டுக்காரி. முதல் தடவையாக என்னோடு சேர்ந்து ஏலம் எடுத்திருக்கிறாள். ரோச்சோ என் கையிலேயே இருந்தது, உங்களுடைய அதே மஞ்சள் ரோச்.

இப்போது ஏலமெல்லாம் போனில். படத்தைப் பார்த்துத்தான் விலை கேட்கிறோம். நீங்கள் இருந்தால் போனுக்குள்ளேயும் ரோச் அடித்துப் பார்த்திருப்பீர்கள்.

நாம் போன முதல் ஏலம் நினைவிருக்கிறதா? வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது என்று ஏலக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் நுனி முறித்துப் பார்க்காமல் ஒரு வெண்டிக்காய் வாங்கியறியாத கை இது. எட்டி ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டேன். அவர் என்னைக் கூட்டத்தின் கடைசிக்கு அனுப்பினார். நீங்கள் என்னைத் தெரியாதவர் மாதிரி வேறு பக்கம் பார்த்தீர்கள். நம் வான் வண்டியில் ஏறிய பிறகு சிரிக்கத் தொடங்கியவர், அஜின்கோர்ட் வந்தும் நிறுத்தவில்லை.

அடிபட்டுத்தான் இரண்டு பேரும் படித்தோம். நம்மைப் பார்த்து நக்கலாகச் சிரித்த ஒருவனை விடக்கூடாது என்று நான் விலையை ஏற்றி, நனைந்த மெத்தைகளாக வாங்கி வந்தேனே. ரோசத்தில் விலை கேட்டால் மெத்தைதான் கிடைக்கும் என்றீர்கள். வதனிக்கும் அதையே சொன்னேன். ஏலம் கேட்கத் தொடங்குமுன் உன் விலையை முடிவு செய், அதற்கு மேல் வாய் திறக்காதே. பெட்டிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் ஆள் பொருளை மதித்தவர். சொந்தப் பூட்டு கொண்டு போ. அறையைக் கூட்டிக் கொடுக்கும்வரை வேலை முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கடைசி மூலையில், நாடாவால் கட்டி, பெயர்த்துண்டு தொங்கிய ஒரு சூட்கேஸ் வந்தது. அவள் முடிச்சில் கை வைத்தாள். அப்போதுதான் மோர்னிங்சைட்டில் நமக்கு நடந்த கதையைச் சொன்னேன்.

அன்று நாம் எடுத்த அறைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். சாமான் அவருடையது. மற்றதெல்லாம் போகட்டும், அந்தச் சிவப்புச் சூட்கேசை மட்டும் தர முடியுமா என்று நிலத்தைப் பார்த்துக் கேட்டார். எடுத்துத் தர நானே உள்ளே போனேன். கை மட்டும் அடங்கவில்லை. என்ன கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? பூட்டில் போய் நின்றது.

"உதிலை கை வையாதை," என்றீர்கள் மெதுவாக. "திறந்து பாத்திட்டுக் குடுத்தா அது பிச்சை. அப்பிடியே குடுத்தா அவவின்ரை சாமான்."

அவர் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு நான் உங்களை விட்டேனா? தாலிக்கொடியோ, காணி உறுதியோ, என்னதான் இருந்திருக்கும் என்று அரித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் எப்போதும் ஒரே பதில்தான் சொன்னீர்கள்: "வெண்டிக்காய்." ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டேன். ஒக்சிசன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அதையே சொன்னீர்கள்.

வதனி முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சூட்கேசைத் திறக்காமலே ஸ்டோரேஜ் ஒபீசில் கொடுத்து, சொந்தக்காரரைக் கூப்பிடச் சொன்னோம். வரும் வழியில் அவளுக்கும் அரிப்புத் தொடங்கிவிட்டது.

"அக்கா, அந்தச் சிவப்புச் சூட்கேசுக்குள்ளை என்னதான் இருந்தது?" என்று கேட்டாள்.

"வெண்டிக்காய்," என்றேன்.

என் கை திருந்தவில்லை, அக்கா. மரக்கறிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் வெண்டிக்காய்க் கூடையைத் தன் பக்கம் இழுக்கிறார். சூட்கேஸ்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.