அயர்லாந்து தோற்றுக் கொடுக்கும்

ஆகஸ்ட் 28, 2025. வியாழன்

லீவு ஷீட்டில் டிசம்பர் கட்டத்துக்குள் இரண்டு பெயர். நாகவள்ளி என்று நான் முதலில் எழுதினேன். அதற்கு மேலே, என் எழுத்தைவிடப் பெரிதாக, கஜாலினி.

துபாய் பக்கம் முவைலாவில் இந்தக் கிளினிக் ரிசப்ஷனுக்கு நாங்கள் இரண்டே பேர். ஒருத்தி ஊருக்குப் போனால் மற்றவள் கவுண்டரை விட்டு அசைய முடியாது. அதனால் டிசம்பரில் ஒருத்தி, பிப்ரவரியில் ஒருத்தி. போன டிசம்பர் என் முறை. அவள் மேனேஜரிடம் போய் "அம்மா ஆஸ்பத்திரியில" என்று கண்ணைக் கசக்கினாள். நானும் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தேன். பத்தாவது நாள், அந்த அம்மா யாழ்ப்பாணம் நல்லூரில் ஐஸ்கிரீம் சாப்பிடும் படம் அவள் ஸ்டேட்டஸில் வந்தது.

இந்த முறை விட மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு டிசம்பர்தான் லீவு. குவைத்தில், ஃபஹாஹீலில் சாரம் கட்டும் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். நான் இங்கே. இரண்டு வருடமாக அவர் சாத்தூர் வீட்டில் இருக்கும்போது நான் இல்லை, நான் இருக்கும்போது அவர் இல்லை. எனக்கு முப்பத்தாறு வயது. போன பிப்ரவரியில் மதுரை டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ஃபைல மட்டும் தூக்கிட்டு வராதம்மா. ரெண்டு பேரும் சேந்து வாங்க."

செப்டம்பர் 1. திங்கள்

பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறேன் போலிருக்கிறது.

மேனேஜர் ரிஷிக்கு இருபத்தொன்பது வயது. துபாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். கால்பந்து என்றால் சோறு வேண்டாம். எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "நான் யாரைச் சொன்னாலும் இன்னொருத்தருக்கு நான் வில்லன். ஃபுட்பால் டிசைட் பண்ணட்டும்" என்றார்.

அடுத்த வருட உலகக் கோப்பைக்கு ஐரோப்பிய நாடுகள் பிரிவு பிரிவாக மோதப் போகின்றனவாம். எஃப் பிரிவில் நான்கு நாடு: போர்ச்சுகல், ஹங்கேரி, அயர்லாந்து, அர்மீனியா. போர்ச்சுகல்தான் முதலில் வரும் என்கிறார். ஹங்கேரியும் அயர்லாந்தும்தான் எங்களுக்கு. நவம்பர் 16 அன்று எது மேலே இருக்கிறதோ, அதை எடுத்தவளுக்கு டிசம்பர். மற்றவளுக்கு பிப்ரவரி. டோக்கன் டப்பாவில் இரண்டு சீட்டுப் போட்டுக் குலுக்கினார். எனக்கு அயர்லாந்து. அவளுக்கு ஹங்கேரி. பந்தை எத்தனை பேர் துரத்துவார்கள் என்றுகூட இருவருக்கும் தெரியாது.

நான் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முதல் பாயிண்ட் நாடுகளின் பெயர். இரண்டாவது தேதி. மூன்றாவது நானே யோசித்துச் சேர்த்தது: "முடிவு வந்தபின் எந்தக் காரணம் சொல்லியும், அழுதும், யாரும் மாற்றிக் கேட்கக் கூடாது."

"அழுதும்" என்ற இடத்தில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு போனை எடுத்துப் பேப்பரைப் படம் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 7. ஞாயிறு

நேற்று இரண்டு நாடும் நேருக்கு நேர். கால் மணி நேரத்துக்குள் ஹங்கேரி இரண்டு கோல். போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் இரண்டுக்கு இரண்டு. ஒன்றைக் கடைசி நிமிடத்தில் போட்டிருக்கிறார்கள்.

கவுண்டரில் அவளுக்கு முகம் வீங்கியிருந்தது. இட்லி இரண்டு கூடுதலாக இறங்கியது எனக்கு.

செப்டம்பர் 9. செவ்வாய்

அர்மீனியாவிடம் தோற்றிருக்கிறது என் அயர்லாந்து. அர்மீனியா எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

மாலை டூட்டி முடிகிற நேரத்தில் அவளே போன் செய்து சொன்னாள். "அக்கா, உங்கட ஆக்கள் ரெண்டுக்கு ஒண்டு. பாத்தனீங்களோ?" ஆறு மாதமாக வேலை விஷயம் தவிர என்னிடம் பேசாதவள்.

செப்டம்பர் 10. புதன்

ராத்திரியே ஹங்கேரியும் போர்ச்சுகலிடம் தோற்றிருக்கிறது. நான் போன் செய்யவில்லை. அவளுடைய டம்ளர் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன்: 2–3.

செப்டம்பர் 21

அவருக்கு இந்த விவரமெல்லாம் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கேம்ப்பில் ஒருவரிடம் கேட்டு எல்லா ஆட்ட தேதியும் எழுதி வைத்திருக்கிறார். முன்பெல்லாம் எங்கள் போன் நான்கு நிமிடம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி வை. இப்போது இருபது நிமிடம் பேசுகிறார். அதில் பதினெட்டு நிமிடம் ஹங்கேரியைத் திட்டுகிறார். மீதி இரண்டு நிமிடத்தில் இன்று, "டாக்டரம்மாகிட்ட டிசம்பர் எட்டாம் தேதிக்குப் பேர் குடுத்துரு வள்ளி" என்றார்.

கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 2

அவள் மகள் ஜூலையில் பெரியபிள்ளை ஆகிவிட்டாளாம். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் இருக்கிற பிள்ளை. சடங்கு இவள் போகும்வரை காத்திருக்கிறது. டிசம்பர் ஆரம்பத்தில் வைத்தால், மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிடலாம். கனடாவிலிருந்து தம்பியும் வருவான். இதையெல்லாம் நர்ஸிடம் சொன்னாள், என் காதில் விழ வேண்டும் என்றே.

விழுந்தது. அதற்கு நான் என்ன செய்ய? அவள் பிள்ளைக்குச் சடங்கு தள்ளிப்போகும். எனக்குப் பிள்ளையே தள்ளிப்போகிறது.

அக்டோபர் 15. புதன்

கணக்கு: ஹங்கேரி ஐந்து புள்ளி, அயர்லாந்து நான்கு. இன்னும் இரண்டு ஆட்டம். நேற்று நாங்கள் அர்மீனியாவைத் தட்டிவிட்டோம். ஆனால் ஹங்கேரி போர்ச்சுகலிடம் போய்க் கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. நாங்கள், நாங்கள் என்று எழுதுகிறேன், பார். அயர்லாந்துக்காரன் என் அத்தை மகனா?

ரிஷி சொல்கிறார், இனி அயர்லாந்து போர்ச்சுகலையும் ஜெயித்து, ஹங்கேரி ஊருக்கே போய் அதையும் ஜெயித்தால்தான் வழி. "சான்ஸ் ரொம்பக் கம்மி அக்கா" என்றார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 4. செவ்வாய்

அவருடைய டிசம்பர் போய்விட்டது. பிளான்ட் மூடிப் பராமரிக்கும் வேலை வந்துவிட்டதாம். ஃபோர்மேன் யாருக்கும் லீவு கிடையாது. பிப்ரவரி ஆறாம் தேதி முதல் ஒரு மாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அழுது முடித்து, முகம் கழுவி, இப்போதுதான் ஒன்று புரிகிறது. இனி எனக்கு வேண்டியது பிப்ரவரி. அப்படியென்றால் நான் தோற்க வேண்டும்.

நவம்பர் 5

"பேசாம அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிரு. நீ டிசம்பர் எடுத்துக்கன்னு ஒரு வார்த்த. முடிஞ்சு போச்சு" என்றார்.

ஒரு வார்த்தை. அவருக்கு என்ன. போன வருடம் ஐஸ்கிரீம் படம் பார்த்தது நான்தானே? நான் போய் "நீ எடுத்துக்கோ" என்றால் அவள் எப்படித் தலையைச் சாய்த்து "தேங்ஸ் அக்கா" என்பாள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்பாள். உங்கட அவர் வரேல்லையோ என்பாள். இரண்டாவது வருடமும் நான் அவளுக்குக் கொடுத்தவளாக நிற்க வேண்டும்.

எதற்கு? அயர்லாந்து போர்ச்சுகலை ஜெயிக்கப் போவதில்லை. அது எனக்காகத் தோற்றுக் கொடுக்கும். நான் பாவம் போல உட்கார்ந்திருந்தால் போதும். மதுரைக்குப் போன் செய்து தேதியை பிப்ரவரிக்கு மாற்றிவிட்டேன்.

நவம்பர் 14. வெள்ளி

அயர்லாந்து இரண்டு, போர்ச்சுகல் சைபர்.

இத்தனை நாள் எங்கே போயிருந்தார்கள் இவர்கள்?

ரிஷி எனக்கு லட்டு வாங்கி வந்தார். தின்ன வேண்டியதாயிற்று. ஹங்கேரியும் ஜெயித்திருக்கிறது, எட்டு புள்ளி. நமக்கு ஏழு. ஞாயிறன்று சமன் ஆனால்கூட ஹங்கேரிதான் மேலே. சரி. பயப்பட ஒன்றும் இல்லை.

அவர் திரும்பவும் கேட்டார். "சொல்லிட்டியா?" இல்லை என்றேன். பிறகு சாப்பிட்டியா என்றார்.

நவம்பர் 16. ஞாயிறு

இதை எழுதாமல் தூங்க முடியாது.

மாலை ஆறு மணிக்கு ஆட்டம். எனக்கு டூட்டி. அவளுக்கு மூன்று மணிக்கே முடிந்துவிட்டது, ஆனாலும் போகவில்லை. ரிஷி தன் டேப்லெட்டைக் கவுண்டரில் சாய்த்து வைத்தார். இரண்டு பக்கமும் நாங்கள், நடுவில் டோக்கன் டப்பா.

மூன்றாவது நிமிடம் ஹங்கேரி கோல். அவள் மேஜையைத் தட்டினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சோகமாக இருந்தேன். உள்ளே ஐயா சாமி என்று கும்பிட்டேன். பிறகு அயர்லாந்துக்குப் பெனால்டி, ஒன்றுக்கு ஒன்று. திரும்ப ஹங்கேரி, இரண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று எழுந்துபோய் ஒரு பேஷண்டின் இன்ஷூரன்ஸ் கார்டை இரண்டு தடவை ஸ்கேன் செய்தேன். எண்பதாவது நிமிடம் இரண்டுக்கு இரண்டு. பரவாயில்லை, சமன் போதும். தொண்ணூறு ஆகியும் விசில் ஊதவில்லை. அவள் விரலால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நானும்தான். இருவரும் ஒரே கட்சி என்று அவளுக்குத் தெரியாது.

தொண்ணூற்றாறாவது நிமிடம். எங்கிருந்தோ ஒரு பந்து உயர வந்து விழுந்தது. ஒருத்தன் காலை நீட்டினான். உள்ளே.

ரிஷி கத்திக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது அப்படியே வற்றிப் போயிருந்தது.

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். எனக்கு என்ன ஆகிவிட்டது என்பதே அந்த ஒரு நிமிடம் நினைவில் இல்லை. அவளுக்கு டிசம்பர் இல்லை என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அது எனக்கு இனித்தது. எழுதத்தான் வேண்டும், இனித்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் கூப்பிட்டிருக்கலாம்.

நவம்பர் 17

அவள் சிக் லீவு. நாளை வந்ததும் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 18

வந்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. காலை வணக்கம்கூட இல்லை. என் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுத் தன்னுடையதை இழுத்துப் போட்டாள். அந்த ஒரு தள்ளலில் எனக்கும் பிடிவாதம் ஏறிக்கொண்டது. முகத்தில் இவ்வளவு திமிர் இருந்தால் எதற்குச் சொல்ல? இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்றிருந்தேன்.

நவம்பர் 19. புதன்

சொன்னேன்.

மதியம் கூட்டம் குறைந்ததும், "கஜா, டிசம்பர நீயே எடுத்துக்க. நான் பிப்ரவரி போய்க்கிறேன்" என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள்.

"ஏன் அக்கா? பாவம் பாக்கிறியளோ?"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் லீவு மாறியது, டாக்டரம்மா தேதி, எல்லாம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நாலாந்தேதி."

பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டு கிழமை, பதினஞ்சு நாள். ஞாயிற்றுக்கிழமை என்ட மூஞ்சியப் பாத்துச் சிரிச்சியளே, அப்பவும் தெரியும் என்ன?" குரல் உயரவில்லை. "ரெண்டு நாள் அழுதுபோட்டு நேற்றுப் பின்னேரம்தான் மாசியில மண்டபம் எடுத்தனாங்கள். தம்பி கனடாவில டிக்கெட்ட மாத்திப்போட்டான். என்ட டிக்கெட்டும் போட்டாச்சு. நேற்றுக் காலமை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் உங்கட காலில விழுந்திருப்பன்."

"இப்ப மாத்த முடியாதா கஜா?"

அவள் போனைத் திறந்து, பெரிதாக்கி, என் பக்கம் திருப்பினாள். செப்டம்பர் ஒன்றாம் தேதி எடுத்த படம். என் கையெழுத்து. "மூண்டாவத வாசியுங்கோ."

வாசித்தேன். சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அப்படியும் வாசித்தேன்.

நவம்பர் 20

அவரிடம் சொன்னேன். எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரேக் முடிஞ்சிருச்சு, போறேன் என்று வைத்துவிட்டார்.

ரிஷியிடமும் கேட்டுப் பார்த்தேன். "அவங்க ஓகே சொன்னா எனக்கு ஓகே அக்கா" என்றார்.

டிசம்பர் 11, 2025. சாத்தூர்

வந்து ஆறு நாள். வீட்டில் நான் ஒருத்தி. ஒட்டடை அடித்தாயிற்று. அவர் பக்கத்துத் தலையணைக்கும் உறை மாற்றினேன், எதற்கென்று தெரியவில்லை. எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். இப்போது போட்டால் பிப்ரவரியில் பதமாக இருக்கும்.

அவரோடு பேச்சு திரும்ப நான்கு நிமிடத்துக்கு வந்துவிட்டது. கால்பந்தும் முடிந்துவிட்டதே.

ஜனவரி 3, 2026

வீட்டைப் பூட்டிவிட்டேன். ராத்திரி ஃபிளைட்.

பிப்ரவரி 5. வியாழன்

அவள் இன்று கிளம்பினாள். டிராயர் சாவி, டோக்கன் ரோல், இன்ஷூரன்ஸ் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வரிசையாக ஒப்படைத்தாள். "போயிட்டு வாறன்" என்று நர்ஸிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் தலை நிமிரவில்லை. மதுரைக்குப் போன் செய்து தேதியை ரத்து செய்தேன். அடுத்து எப்ப வர்றீங்க என்று போன் எடுத்த பெண் கேட்டாள்.

பிப்ரவரி 7. சனி

கவுண்டரில் கூட்டம். நடுவில் அவர் போன். வீட்டு வாசலில் நிற்கிறாராம்.

"சாவிய எங்க வச்ச வள்ளி?"

"மீட்டர் பொட்டிக்கு மேல. கைய விட்டுப் பாருங்க."

பெட்டித் தகரம் கிறீச்சிடுவது கேட்டது. பிறகு கிடைச்சிருச்சு என்றார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார் போலிருக்கிறது, பூட்டு திறக்கும் சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று. நான் வைத்துவிட்டு வந்தது, அவர் எடுக்கிறார். இரண்டு வருடத்தில் எங்கள் இருவர் கையும் பட்ட ஒரே பொருள் அந்தச் சாவி.

"டோக்கன் நாப்பத்திரெண்டு" என்று கூப்பிட்டேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.