பீப்பாய்க்கு வைத்த குறி

அக்கா,

காலையில் மருமகன் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சொலுசன் டப்பாவைத் திறந்ததும் அந்த வாடை அடுப்படிவரை வந்துவிட்டது. பெட்ரோலில் ரப்பர் கரைந்த வாடை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தேன். முன்னறையில் டிவி ஓடியது. எங்கோ பாலைவனத்தில் சண்டையாம். இப்போதெல்லாம் குண்டு சன்னல் வழியாக நுழைந்து நினைத்த அறையில்தான் விழும் என்று கோட்டுப் போட்ட ஒருவன் சொல்கிறானாம். மகள்தான் தமிழில் சொன்னாள். "புளுகுறான்" என்றேன். "உனக்கு என்னம்மா தெரியும்?" என்றாள். எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரியும். அவளிடம் சொல்வதைவிட உனக்கு எழுதுவது மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மாமாவை, உன் வீட்டுக்காரரை, சயாம் ரயில் வேலைக்கு லோரியில் ஏற்றிய காலை ஞாபகம் இருக்கிறதா? நீ லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ஓடினாய். அந்தக் கண்ணாடி போட்ட ஜப்பான் அதிகாரி இறங்கி வந்து உன்னை அறைந்தான். நீ அழவில்லை. நாம் குடியிருந்த லயத்துக்குத் திரும்பும்போது, "இவன் குடி எரியறத நான் பாக்கணும்டி" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசிய பேச்செல்லாம் அது ஒன்றுதான்.

எரிய வேண்டியது எது என்பதும் உனக்குத் தெரிந்திருந்தது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டுக்குப் பின்னால், மரத்தடியில், தழை போட்டு மூடி அவன் பெட்ரோல் பீப்பாய்களை அடுக்கியிருந்தான். சுங்கை பட்டாணி விமானத் திடலில் வைத்தால் வெள்ளைக்காரன் குண்டு போடுவான் என்று நம் தோட்டத்தில் கொண்டுவந்து ஒளித்திருந்தான். வெள்ளைக்கார விமானங்களும் மேலே வந்து வந்து போயின. கீழே பச்சையைத் தவிர அவர்களுக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. உருளையில் தேய்த்து எடுத்த பால் ஷீட்டைத் தண்ணீர் வடியப் போடுவது நம் அன்றாட வேலை. அதை யார் சந்தேகப்படுவார்கள்? கொடியில் போடுவதற்குப் பதில், பீப்பாய்களை ஒட்டின புல்தரையில் வெள்ளை வெளேரென்று வரிசையாக விரித்தாய். காவல்காரன் பார்த்துக்கொண்டு பீடி குடித்தான். "மேலேருந்து பாக்குறவனுக்கு இது பளிச்சுனு தெரியும்லா" என்றாய். "சரியா விழுமா அக்கா?" என்று கேட்டேன். "தேங்கா எங்க விழும்? மரத்துக்கு நேர் கீழதான விழும். தலைக்கு மேல வந்து விட்டான்னா முடிஞ்சுது" என்றாய். நானும் நம்பினேன். விழுகிற பொருள் என்றால் தேங்காய் என்றுதான் நமக்கு நினைப்பு. தேங்காய் மரம் ஓடாது என்பது நம் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

ஒரு பகலில் அவர்கள் வந்தார்கள். நான் புகைக்கூண்டு வாசலில் நின்றேன். நீ லயத்துக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். ஒரு விமானம் தாழ்ந்து, பீப்பாய்களை நோக்கி நேராக வந்தது. விரித்த ஷீட்டைத்தான் பார்த்துவிட்டான் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சரியாகத் தலைக்கு மேலே வந்ததும் கறுப்பாகக் கொட்டினான். அவை நேர் கீழே வரவில்லை, அக்கா. விமானம் போன திசையிலேயே கூடச் சேர்ந்து போயின. என்னையும் தாண்டி, மரங்களையும் தாண்டிப் போய் லயத்தில் விழுந்தன.

உன்னைக் கிணற்றடியில் கண்டெடுத்தோம். அதை நான் எழுதப் போவதில்லை.

பீப்பாய் ஒன்றுகூட அசையவில்லை. மறுநாள் அந்தக் கண்ணாடிக்காரன் வந்து கிணற்றடிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். "ஓராங் பூத்தே மாத்தா புத்தா" என்று சொல்லிச் சிரித்தான். வெள்ளைக்காரனுக்குக் கண் குருடாம். அவன் சிரித்த பல் ஒவ்வொன்றும் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

உனக்குப் பிறகு நடந்ததைக் கேள். பீப்பாய் உருட்டி லோரிக்கு எண்ணெய் ஊற்றும் வேலைக்குப் பெண்களைப் பிடித்தார்கள். நானாகவே போய்ப் பேர் கொடுத்தேன். மரத்தில் வெட்டுக் கோட்டோடு காய்ந்து ஒட்டியிருக்குமே, அந்த ஒட்டுப்பாலை நூல் நூலாக உரித்து மடியில் கட்டிக்கொண்டு போவேன். மூடியைத் திறக்கும் சாக்கில் பீப்பாய்க்குள் விடுவேன். ஊறி ஊறிக் கூழாகிவிடும். காலையில் மருமகன் டப்பாவிலிருந்து வந்ததே, அதே வாடை. ஒவ்வொரு பிடியை விடும்போதும், "இது எங்கக்காவுக்கு" என்று சொல்லிக்கொண்டே விட்டேன்.

பெண்டாங் போகிற சாலையில் அவன் லோரிகள் எண்ணெய்க் குழாய் அடைத்து ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவனுக்கு மேலே இருந்தவன் தோட்டத்துக்கே வந்தான். கண்ணாடிக்காரனை எல்லார் கண் முன்னாலும் முட்டி போட வைத்து அறைந்தான். கண்ணாடி தெறித்து மண்ணில் விழுந்தது. நான் பீப்பாய் உருட்டுகிற மாதிரி அதன் மேல் உருட்டிவிட்டேன். அன்றைக்கு மரவள்ளிக்கிழங்குகூட எனக்கு இனித்தது. பாவம் என்பார்கள். இருக்கட்டும்.

ஆனால் தீர்க்க வேண்டிய கணக்கில் அவன் பாதிதான், அக்கா. மாமா திரும்பவில்லை. திரும்பியவன் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை. சண்டை முடிந்து வந்து, காலைப் பிரட்டில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டான். நான் முன்னால் போய்க் கேட்டேன்: "பீப்பாய்க்கு நேரா வந்து விட்டானே, லயத்துல ஏன் விழுந்துச்சு?" கணக்கு எழுதும் கிராணி பயந்துகொண்டே அதை இங்கிலீஷில் சொன்னான். தொரை குச்சியால் மண்ணில் கோடு போட்டான். விமானம் ஓடுகிற வேகம் குண்டுக்கும் இருக்குமாம். இலக்குக்கு வெகு முன்னாலேயே விட்டுவிட வேண்டுமாம். காற்று வேறு தள்ளுமாம். கண் சிமிட்டும் நேரம் பிந்தினால் இப்படித்தான் ஆகுமாம். "கெட்ட நேரம்" என்று முடித்தான். பனைமரத்தில் தேள் கொட்டினால் தென்னைமரத்தில் நெறி கட்டும் என்று நாம் சொல்வதை அவன் கணக்காகச் சொன்னான். கோடு எனக்குப் புரிந்தது. அந்தக் கோட்டின் முனையில் நீ இருந்தது அவனுக்குப் புரியவில்லை. அவன் போன பிறகு காலால் அந்தக் கோட்டை அழித்தேன்.

அந்த விமானக்காரனும் உயிரோடு வீட்டுக்குப் போயிருப்பான். வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருப்பான். கிழவனாகி எங்காவது உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். அவன் சாக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. சாவது எளிது. அவனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு நெடுநாள் இருக்க வேண்டும்.

அவன் முன்னால் ஒருநாள் நிற்க வாய்த்தால் சொல்வதற்கு மகளிடம் ஒரு வரியை இங்கிலீஷில் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். மாரியம்மன் சந்நிதியில் மற்றவர்கள் மந்திரம் சொல்லும்போது நான் அதைத்தான் முணுமுணுக்கிறேன். பெரிய மனுஷனிடம் பேசினால் கடைசியில் சார் சேர்க்க வேண்டும் என்று மகள் திருத்தினாள். நான் சேர்ப்பதில்லை.

மை சிஸ்டர் வாஸ் தேர்.