அத்தாவும் டெல்லி எலியும்

இராஜபாளையம்
19.9.1993

அன்பு மகள் நசீமாவுக்கு அம்மா நூர்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம், உன் அத்தா முக்கால்வாசி நலம், நீ முழு நலமாக இருக்க துஆச் செய்கிறேன். மீதிக் கால்வாசியைக் கேட்டுப் பதறாதே.

டெல்லியில் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலியின் மூளையில் ஊசி போட்டு, கை நடுங்குகிற பார்க்கின்சன் நோய் மாதிரியே உண்டாக்குகிறோம், அது காலை எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிடும், அதற்கு மருந்து கொடுத்துப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாயே, அதை அத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு சட்டைப்பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து என் மடியில் வைத்தார்கள். அது தானாக ஆடியது. ஒரு வருஷமாகக் கை பைக்குள்ளேயே இருந்ததை நான் ஏதோ புதுப் பழக்கம் என்று இருந்துவிட்டேன். பேண்டேஜ் கம்பெனிக்குக் கிளம்பும்போது வாசல்படியில் செத்த நேரம் நிற்பதையும் யோசனை என்றே நினைத்தேன். “அந்த எலிக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. பிள்ளைக்கு எழுதிராதே, படிப்பை விட்டுட்டு வந்துரும்” என்றார்கள்.

மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறினோம். டாக்டரிடம் தன் வியாதியை விட்டுவிட்டு உன் எலியைப் பற்றியே கால்மணி நேரம் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடக்கச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்து, அதேதான் என்றார். குணமாகாது, மாத்திரையில் கட்டுப்படும், இந்த மருந்தையே முதலில் முயலுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்றும் சொன்னார். ஒரு மாதமாகிறது, கை கொஞ்சம் அடங்கிய பிறகுதான் உனக்கு எழுதச் சம்மதித்தார்கள். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தன் கையாலேயே சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்கள். ஒன்று மாறிப் போயிருந்தது, நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரே கேள்வி, சோதனை முடிந்த எலிகளை என்ன செய்வார்கள் என்று. நீ அதையும் எழுதியிருந்தாய், நான்தான் அந்த வரியைத் தாண்டி வாசித்திருந்தேன். நேற்று சாப்பிடும்போது, கொன்று மூளையை எடுத்துப் பார்ப்பார்களாம் என்று சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்கள். பொறவு, “குர்பானி ஆட்டுக்குச் சொல்ற மாதிரிதான், ஒரு எலி பாத்துக்கிட்டிருக்கையிலே இன்னொண்ணைக் கொல்லக் கூடாதுன்னு அவளுக்கு எழுது” என்றார்கள். எழுதிவிட்டேன்.

படிப்பை விட்டு வராதே, நோன்புக்கு வந்தால் போதும். கையுறை மாட்டாமல் எலியைத் தொடாதே. அல்லாஹ் உன் கைக்கு பரக்கத் தரட்டும். இனிமேல் கடிதத்தை அத்தா பெயருக்கே போடு. காகிதம் இப்போது கையில் நிற்கிறதாம், எந்த வரியையும் விடாமல் அவர்களே வாசித்துக்கொள்வார்களாம்.

இப்படிக்கு
உன் அம்மா
மா. நூர்னிசா