தம்பி கட்டாத கூடை

சேசு மரி சூசை துணை

மண்டி மொஹல்லா, மைசூர்
1936 ஆகஸ்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

குளிர் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பாம்பனில் நீங்களும் அம்மாவும் தம்பி கயித்தானும் சுகம் என்று எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

கல்லூரிக் கண்காட்சிக்காக நான் கேட்ட பவளக் கற்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினேன். பாசி படிந்த ஒரு கல்லைத் தொடப் போனபோது, "முட்டபேடா", தொடாதே என்று கன்னடத்தில் அதட்டி, புரொபசர் என் கையைத் தட்டிவிட்டார். இடுக்கியால் அதைப் புரட்டினார். கல்லுக்கு வாயும் கண்ணும் இருந்தன. செத்த மீன். பவளப்பாரில், முழங்கால் தண்ணீரில், கல்லோடு கல்லாகக் கிடக்குமாம். முதுகு முள் குத்தினால் ஆளையே கொல்லுமாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

தம்பி இனி வெறுங்கையால் கல் எடுக்க வேண்டாம். கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். இங்கே விற்பதில் நம் கடல் வாசம் இல்லை.

இன்னொன்று. கல் அள்ளிக் கூடை கட்டி அனுப்புவது எப்போதும் தம்பிதான். இடது கைக்காரன், முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருக்கும். இந்தக் கூடையில் எல்லாமே உங்கள் முடிச்சு.

தபால் போகிற நேரம். பதிலை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

மகன்,
தனிஸ்லாஸ்