நிலமானியமும் முல்லைக்காரன் மகளும்

1996 ஒக்டோபர் 8, செவ்வாய்

நிலமானிய முறை அத்தியாயம் பதினொரு பக்கமும் முடிந்தது. சார்ளமேன் பேரரசைக் கட்டியது, பேரன்மார் மூன்று பேர் அதைப் பங்கு போட்டது, பிறகு பிரபுக்கள் ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டு அரசனைப் பெயருக்கு வைத்திருந்தது — எல்லாம் மனப்பாடம். பிஸ்கட் தொழிற்சாலையில் பெல்ட்டுக்கு முன்னால் நின்றபடியே ஒப்புவித்துப் பார்த்தேன். ஒரு கமா பிசகவில்லை. முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், வேறொரு பாஷையில். மட்டக்களப்பு மாவட்டத்தில் வரலாற்றுக்கு முதலாவதாக வந்தவள் சும்மா வரவில்லை.

இந்த ஒரு பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தால்தான் பட்டப்படிப்புக்குச் சேர்ப்பார்கள். தவறினால் இன்னொரு முறை விண்ணப்பிக்க முடியாது என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நானா தவறுகிறவள்?

ஒக்டோபர் 22, செவ்வாய்

வகுப்பிலேயே பரீட்சை. வெளுத்து வாங்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் பேனையைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். பாவங்கள்.

ஒக்டோபர் 29, செவ்வாய்

எல்லாருக்கும் விடைத்தாள் கிடைத்தது, எனக்கு இல்லை. "வியாழக்கிழமை என் அறைக்கு வாருங்கள்" என்று மட்டும் பேராசிரியை சொன்னார். முகத்தில் சிரிப்பு இல்லை. பாராட்டுவதற்கு முகத்தை அப்படி வைத்திருப்பார்களா?

ஒக்டோபர் 31, வியாழன்

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன்.

மேசையில் என் விடைத்தாளும் புத்தகமும் அருகருகே விரிந்து கிடந்தன. சொல்லுக்குச் சொல் ஒன்று என்று விரலை ஓட்டிக் காட்டினார். "புத்தகத்தை மறைத்து வைத்துப் பார்த்து எழுதினீர்களா?" என்று கேட்டார். நான் கள்ளியாம். நான்.

எழும்பி நின்றேன். பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தார். நாலாம் பக்கத்தில், நிலம் கேட்டு வந்தவன் இரண்டு கையையும் கூப்பிப் பிரபுவின் கைகளுக்குள் வைத்து "நான் உங்கள் ஆள்" என்று சொல்லும் இடம் வந்தபோது, போதும் என்றார்.

"பார்த்து எழுதவில்லை, நம்புகிறேன். இதை மேலிடத்துக்கு அனுப்ப மாட்டேன். ஆனால் புள்ளியும் போட முடியாது. இது புத்தகத்தின் பதில். உங்கள் பதில் எங்கே?"

நவம்பர் 14க்குள் புதிதாக ஐந்து பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கேள்வி: பெரிய அரசு ஒன்று உடைந்தால் நிலம் யாருடையது?

அப்படியே எழுதினவளுக்குத்தானே அங்க முதலாம் இடம் தந்தாங்க? இதென்ன நியாயம்? ஒரு எழுத்தும் விடாமப் படிச்சது குற்றமா?

நவம்பர் 1

எழுத மாட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

யோகமலர் பெல்ட்டில் எனக்கு அடுத்தாற்போல் நிற்கிறவள், யாழ்ப்பாணத்தாள். அவளிடம் கொட்டித் தீர்த்தேன். "உதை இஞ்சை களவு எண்டுதான் சொல்லுவினம். நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் படிச்சனாங்கள், என்ன செய்யிறது. புதுசா ஒண்டை எழுதிக் குடு" என்றாள். வீட்டுக்கு வந்தால் அன்புராசாவும் அதே பாட்டு. என்னைக் கட்டிய நாளிலிருந்து அவர் எனக்கு எதிராகப் பேசியது குறைவு. இன்றைக்குச் சொல்கிறார், "அவ இன்னொரு தரம் தாறன் எண்டுதானே சொன்னவ. நீதான் வீம்புக்கு நிக்காய்."

வீம்புதான். ஆனால் அது மட்டுமில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று தரம் தாளை எடுத்துத் திரும்பவும் மூடி வைத்துவிட்டேன். முதல் வரி புத்தகத்தின் முதல் வரியாகவே வந்து விழுகிறது. என்னுடைய பதில் என்று ஒன்று எனக்குள் இருக்கிறதா? இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 9, சனி

ஊர்க்காரர் வீட்டுக் கலியாணம், இங்கே ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு மண்டபம். எங்கள் ஊரவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது கந்தப்போடி உள்ளே வந்தார்.

ஊரில் அவர்தான் போடியார், முந்நூறு ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர். என் அப்பா அவருடைய முல்லைக்காரன். ஆட்களைச் சேர்த்து, வயலிலேயே கிடந்து, விளைந்ததை அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பாவின் வேலை. இப்போது போடியார் இங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிறார். தோளில் கிடந்த கோட் அளவில்லாமல் தொங்கியது.

மேசை முழுவதும் எழும்பியது. நானும் எழும்பிவிட்டேன், கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு. யாரும் சொல்லவில்லை, நான் நினைக்கவும் இல்லை.

கூச்சம் அவருக்குத்தான். "இரிங்க புள்ள, இஞ்ச என்னத்துக்கு எழும்புறீங்க" என்று சொல்லி என் பக்கத்திலேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வயல் எப்படி என்று கேட்டேன்.

"வயல் கிடக்கு. பகல்ல ஒரு ஆக்கள்ற ஆட்சி, ராவையில இன்னொரு ஆக்கள்ற ஆட்சி, வாய்க்காலுக்கு அங்கால வேற ஆக்கள். துவக்கோட நிக்கிறவன்தான் இப்ப போடியார். காணி உறுதிப் பத்திரம் மட்டும் என்ட பெட்டிக்குள்ள கவனமாக் கிடக்கு." சோற்றைப் பிசைந்தார். "உறுதிய வெச்சு என்ன செய்ய. எந்த வரம்பு எங்க எண்டு எனக்கே தெரியாது. உங்கட அப்பாவுக்குத்தான் தெரியும்."

அப்பா இறந்துபோய்ப் பதின்மூன்று வருடமாகிறது.

எழும்பியதற்கு என்மேல் ஆத்திரம். ஆத்திரத்துக்குள்ளேயே ஒரு சந்தோசமும். போடியார் வாயாலேயே சொல்லிவிட்டாரே.

நவம்பர் 10, ஞாயிறு

புத்தகத்தை அன்புராசாவிடம் கொடுத்து, அலுமாரிக்கு மேல் எனக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன். காலையிலிருந்து எழுதுகிறேன். சமையல் அவர்தான்.

விதைப்புக்கு முன் ஒவ்வொரு வருடமும் அப்பா வெற்றிலைத் தட்டத்தோடு போடியார் வாசலில் போய் நிற்பார். இரண்டு கையாலும் நீட்டுவார். போடியார் ஒரு வெற்றிலை எடுத்தால் அந்த வருடமும் வயல் அப்பாவின் பொறுப்பு. கடதாசி இல்லை, கையெழுத்து இல்லை. அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. ஆயிரம் வருடத்துக்கு முன் பிரான்சில் பிரபுவின் கைக்குள் கை வைத்தவனை எனக்கு நன்றாகத் தெரியும், நான் அவனுடைய மகள். இப்படித்தான் தொடங்கினேன்.

பிறகு பொலன்னறுவை அரசு விழுந்த கதை, எங்கள் பக்கம் வன்னியர் என்ற சிற்றரசர்கள் ஆளுக்கொரு துண்டாக ஆண்ட கதை. அரசு உடையும்போது உறுதி வைத்திருப்பவன் நிலத்தை இழக்கிறான், வாளோ துவக்கோ வைத்திருப்பவன் பிடிக்கிறான். ஆனால் எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்று அவனுக்கும் தெரியாது. தெரிந்த ஒருவனைத் தேடி அவனும் வந்துதான் ஆக வேண்டும். அரசனை மாற்றலாம், பிரபுவை மாற்றலாம், வரம்பு தெரிந்தவனை மாற்ற முடியாது. அவனைப் பற்றித்தான் அந்தப் பதினொரு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன், நானே எழுதியதுதான்.

நவம்பர் 14, வியாழன்

கொடுத்துவிட்டேன். ஐந்து பக்கம் கேட்டார். ஒன்பது.

நவம்பர் 26, செவ்வாய்

வகுப்பு முடிய மறித்தார். கட்டுரை கையில் இருந்தது, புள்ளி இல்லை. "இந்த வெற்றிலை விசயம், மடை விசயம் எல்லாம் எங்கிருந்து எடுத்தீர்கள்? ஆதாரம் இல்லாமல் என்னால் புள்ளி போட முடியாது."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. புத்தகத்தில் இருந்ததை எழுதினால் உன்னுடையது எங்கே என்கிறார், என்னுடையதை எழுதினால் எந்தப் புத்தகம் என்கிறார். புத்தகம் கிடையாது, அப்பாவிடமிருந்து எடுத்தேன் என்று கொஞ்சம் உரத்தே சொல்லிவிட்டேன்.

"அப்படியானால் அவர்தான் ஆதாரம். அடிக்குறிப்பில் போடுங்கள். பெயர், தொழில், இடம், காலம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, பேனையை நீட்டினார். பெயர் எழுதினேன். தொழில் எழுதினேன். காலம் எழுதும்போது கண்ணீர் மறைத்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு கட்டுரையை வாங்கி, மேலே ஏ என்று எழுதினார்.

அன்புராசா பஸ் தரிப்பில் வந்து நின்றார். காட்டினேன். புள்ளியைப் பார்க்கவில்லை மனுசன், அடிக்குறிப்பைத்தான் வாசித்தார்.

1997 ஜனவரி 14, செவ்வாய்

பட்டப்படிப்புக்கு எடுத்துவிட்டார்கள். இரண்டாம் தவணையின் முதல் வகுப்பு இன்று. வாசிப்புக்காகப் பிரதி எடுத்துக் கட்டிய தொகுப்பில் என் கட்டுரையையும் பேராசிரியை சேர்த்திருக்கிறார், என்னிடம் கேட்டுத்தான். அறுபத்தோராம் பக்கம். கீழே சின்ன எழுத்தில் முதலாவது அடிக்குறிப்பு: சாமித்தம்பி, முல்லைக்காரன், மண்டூர் வயல்வெளி, மட்டக்களப்பு, 1962–1983.

எனக்குப் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தப் பக்கத்தை வாசித்து, அடிக்குறிப்பில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்: "இந்த சாமித்தம்பி எந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார், தெரியுமா?"

"என்னுடைய அப்பா" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை போலிருந்தது. எனக்கென்ன, இன்னொரு தரமும் சொன்னேன்.