ஊதிக் காட்டிய மூச்சு

மாமா,

இன்று காலை சந்தைத் தெருவில், நீங்கள் சாமான் வாங்கும் பாய் கடைக்கு முதல் தடவையாக நானே போனேன். பருப்பு, புளி, சோப்பு எல்லாம் பைக்குள் போட்ட பிறகு, நான் கேட்காத ஒரு சின்னப் பொட்டலத்தையும் மேலே வைத்தார். பிரித்துப் பார்த்தால் ஏலக்காய். "இது நான் கேக்கலீங்களே பாய்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா, பழக்கத்துல கை தானா பொட்டலம் கட்டிருச்சு. அவரு வாராவாரம் வாங்குவாரு" என்று திருப்பி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

அப்புறம் அவராகவே சொன்னார். "சாயங்காலமானா வந்து இந்த அரிசி மூட்டை மேல உக்காருவாரு. 'பாய், இன்னைக்கு நாக்கு ரொம்பக் கேக்குது, கொஞ்ச நேரம் எங்கூடப் பேசுங்க'ம்பாரு. ஏலக்காயை மென்னுக்கிட்டே இருப்பாரு. நானும் யாவாரத்தைப் பாத்துக்கிட்டே எதையாவது பேசுவேன். அப்புறம் 'போயிருச்சு பாய்'னு எந்திரிச்சுப் போவாரு." இதை நீங்கள் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். பாய் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நானும் கேட்டேம்மா. ஊட்ல சொன்னா நம்ப மாட்டா பாய்னு சிரிச்சாரு."

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து ஒரு மளிகைக் கடையில் வைத்துத்தானா இது எனக்குத் தெரிய வேண்டும்?

ஏலக்காய் என்றாலே எனக்கு ஆகாது. அது உங்களுக்கும் தெரியும். லாரி ஓட்டிய காலத்தில் லைனுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம், குடித்த வாடை தெரியாமல் இருக்க, தெருமுனையில் நின்று நாலு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவீர்கள். நம் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அம்மா, அப்பா மேல பாயசம் மணக்குது" என்பாள். நான் சிரிக்க மாட்டேன். அந்த வாசம் வந்தால் பின்னாலேயே ஒரு பொய் வருகிறது என்று எனக்குத் தெரியும். அவள் கல்யாணத்தில் பந்தி நடுவே நீங்கள் விழுந்தபோதும் அதே வாசம்தான் வந்தது. சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, இலையோடு உங்களைத் தூக்கியவள் நான்.

அதற்குப் பிறகுதான் நீங்களாகவே சேலத்தில் குடியை விட வைக்கும் அந்த மையத்துக்குப் போனீர்கள். திரும்பி வந்ததும் லாரி ஓட்டவே போகவில்லை. லைனுக்குப் போனால் கூட்டாளிகள் விட மாட்டார்கள் என்று, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் வேலைக்குச் சேர்ந்தீர்கள். சட்டைப் பையில் மட்டும் மறுபடியும் ஏலக்காய். "மையத்துல கவுன்சலிங் குடுக்கற அம்மா சொன்னாங்க புள்ள, ஆசை வர்றப்ப வாயில எதையாவது போட்டுக்கோணுமாம். கொஞ்ச நேரத்துல அதுவே போயிருமாம்" என்றீர்கள். உலகத்தில் வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். கடலை மிட்டாய் இல்லையா, புளிப்பு மிட்டாய் இல்லையா? பழகின வாய்க்கு அதுதான் பிடிக்கிறது என்றீர்கள். நான் நம்பவில்லை.

அன்றிலிருந்து தினமும் வாசலில் உங்களை நிறுத்தினேன். "ஊதுங்க." ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்பது மாதிரி. பேரன் எடுத்த மனுஷன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் குனிந்து என் முகத்துக்கு நேரே ஊதுவீர்கள். ஏலக்காய்க்கு அடியில் வேறு ஏதாவது மணக்கிறதா என்று நான் இழுத்து இழுத்து மோந்து பார்ப்பேன். பதினான்கு மாதத்தில் ஒரு நாளும் எதுவும் மணக்கவில்லை. ஒரு நாளும் "சரி, உள்ள வாங்க" என்பதைத் தாண்டி நான் எதுவும் சொன்னதில்லை.

சாப்பிடும்போது நீங்கள் பேச்சு எடுப்பீர்கள். அன்றன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று வீட்டில் ஒருத்தரிடம் சொல்லச் சொல்லி மையத்தில் சொல்லியிருந்தார்களாம். "இன்னைக்கு மனசு ரொம்பப் பாரமா இருந்துச்சு புள்ள." நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பாரமா? பண்ணையில கோழித் தீவன மூட்டை தூக்கினது நானு. உங்களுக்கென்ன பாரமுங்க?" என்பேன். நீங்களும் சிரிப்பீர்கள், பேச்சு முடிந்துவிடும். ஒரு நாள் மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள்: "குடிக்காம இருக்கறதைக்கூடப் பழகிட்டேன் புள்ள. ஆருமே நம்பாம இருக்கறதைத்தான் பழக முடியல. மூக்கால மட்டும் கேக்கறியே, வாயால ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்தைந்து வருஷம் நான் பட்டதைப் பதினான்கு மாதத்தில் அடைக்கப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். அந்தக் கோபம் நியாயமில்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த நாளுக்கு வருகிறேன் மாமா. சுற்றி வளைத்தாலும் அங்கேதான் வர வேண்டும்.

மத்தியானம் கோழிப் பண்ணைக்கு முட்டை பொறுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள். கால் பின்னியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னீர்கள், நாக்கு குழறியது. "பு…ள்ள… கை…" என்பது மட்டும்தான் விளங்கியது. கூடவே ஏலக்காய் வாசம். எனக்கு வேறு என்ன தோன்றும்? அந்தத் தள்ளாட்டமும் அந்தக் குழறலும் நான் பாதி ஆயுசு பார்த்தவை. "நடிப்பு முடிஞ்சுதாக்கும்? எனக்குத் தெரியும், இந்த நாள் வரும்னு" என்றேன். நீங்கள் குனிந்து முகத்தை என் பக்கம் கொண்டுவந்தீர்கள். ஊத வந்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஊத வேண்டாம், போய்ப் படுங்க" என்று கட்டிலில் தள்ளிவிட்டுப் பண்ணைக்குப் போய்விட்டேன்.

தினமும் மோந்து பார்த்தவள், உண்மை தெரிய வேண்டிய அந்த ஒரு நாளில் மோந்து பார்க்கவில்லை.

பண்ணையில் இரண்டு முட்டைகளை லேசாகத் தட்டினாலே எதில் விரிசல் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அன்றும் அட்டை அட்டையாகப் பிரித்து அடுக்கினேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உங்கள் வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. பண்ணை வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். "மத்தியானமே வந்தாருங்க. குடிச்சிருக்காருன்னு நெனச்சுட்டனுங்க" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இது பக்கவாதம்மா. அவர் குடிக்கவே இல்ல. அப்பவே கொண்டு வந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது நாள் இருந்தீர்கள். பேச்சு வரவே இல்லை. தலையணையைச் சரிசெய்ய நான் குனியும்போதெல்லாம் ஊதினீர்கள். உதடு கூடவில்லை, காற்று கோணின பக்கமாக எச்சிலோடு வெளியே போனது. "என்னங்கம்மா, உங்களைப் பாத்தா மட்டும் ஊதறாரு?" என்று நர்ஸ் கேட்டாள். நான் உங்கள் வாயைத் துடைத்தேன். கடைசியில் ஒரு நாள் காதோரம் குனிந்து, "போதுமுங்க மாமா. நம்பறேன்" என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகும் ஊதினீர்கள்.

சேலம் மையத்தில் மாதம் ஒரு முறை குடும்பத்தாருக்குக் கூட்டம் வைக்கிறார்கள். நீங்கள் இருந்தபோது பத்துத் தடவை கூப்பிட்டும் நான் வராத கூட்டம். இப்போது தவறாமல் போகிறேன். அங்கே வரும் பெண்களிடம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: "நாக்கு குழறுனா மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க சாமி. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்." அப்படியே, வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் என்னை மாதிரியே முறைக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

பாய் கொடுத்த பொட்டலம் இப்போது என் மடியில் இருக்கிறது. நீங்கள் பட்டறையிலிருந்து வரும் நேரம். இத்தனை வருஷமாகப் பாயசத்தில்கூட ஏலக்காயைப் பொறுக்கி எறிந்தவள், இன்று ஒன்றை உரித்து வாயில் போட்டிருக்கிறேன். காரமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. நீங்கள் செருப்பைக் கழற்றும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மையத்தில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை இன்று நான் செய்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னைக்கு மனசு ரொம்பப் பாரமா இருந்துச்சுங்க மாமா.